கற்கோடரி எங்கிருந்து வந்தது?



பர்கூருக்கு அருகிலுள்ள மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, இரும்பின் காலத்தைக் கி.மு. 2172 வரை கொண்டு சென்றதால் 2022ஆம் ஆண்டு பெரிதும் பேசப்பட்டது. அந்த இரும்புக்கு முன்பே அப்பகுதிக் குன்றுகளில் வாழ்ந்த புதிய கற்கால மக்களின் கற்கோடரிகளும் அதே அளவு கவனத்துக்கு உரியவை. ஏனெனில் ஒரு கல்லின் பிறப்பிடத்தைக் கண்டறிந்தால், எழுத்தில்லாத காலத்துப் போக்குவரத்தையும் பண்டமாற்றையும் அறிய வழி பிறக்கிறது.

இத்தகைய கோடரிகளுக்கு விரும்பப்பட்ட கற்களுள் ஒன்று டாலரைட். நிலத்தடிப் பாறைக்குழம்பு பழம்பாறையின் வெடிப்புகளில் ஏறி உறைந்து, சுவர்போல் நீண்டு கிடக்கும் கரும்பாறை இது. கிருஷ்ணகிரிக் கல்குவாரிகளில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுவே. பெல்லாரி அருகே சங்கனக்கல்லு குன்றுகளில் இத்தகைய பாறைச்சுவரை ஒட்டியே புதிய கற்காலக் கோடரிப் பட்டறை இயங்கியது. தட்டிச் செதுக்கிய சில்லுகளும் பாதியில் கைவிடப்பட்ட கோடரிகளும் தேய்ப்புக் குழிகளும் அங்கு இன்றும் காணப்படுகின்றன. ஆகவே ஓர் ஊரில் முழுமையான கோடரிகள் மட்டும் கிடைத்துச் சில்லுகள் கிடைக்காவிட்டால், அவை வேறிடத்தில் செய்யப்பட்டு வந்தவை என்று கருத இடமுண்டு.

அடுத்தது கல்லையே சோதிப்பது: 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் வைத்துக் கனிமங்களைக் காண்பது ஒரு முறை. கல்லை உடைக்காமல் எக்ஸ் கதிர் செலுத்தி, அதில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள தனிமங்களை அளப்பது மற்றொன்று. எரிமலைக் கண்ணாடியான ஆப்சிடியனில், தனிமங்களை அளந்து பிறப்பிடம் காணும் வழி 1964இலேயே வெற்றி கண்டது. ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடிக்கும் தனி வேதிக்கலவை இருப்பதால், மத்தியதரைக்கடல் பகுதியின் பழைய வணிகப் பாதைகள் புலப்பட்டன. டாலரைட்டில் பணி கடினமானது, ஏனெனில் அடுத்தடுத்த பாறைச்சுவர்கள் ஒரே கலவையைக் கொண்டிருக்கக்கூடும்.

மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் 2006இல் கிடைத்த கற்கோடரியின் கீறல்கள் சிந்து எழுத்தா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் பாறையே இல்லாத அந்த வண்டல் நிலத்துக்குக் கல் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் தொலைவு மட்டும் வணிகத்துக்குச் சான்றாகாது. இடம்பெயர்ந்தவரின் மூட்டையிலும் கோடரி வந்திருக்கலாம். பல ஊர்களின் கோடரிகளை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்வது முறை.

அதற்கு ஒவ்வொரு கோடரியும் கிடைத்த இடம் தெரிய வேண்டும். ஆகவே உழவு நிலத்தில் அத்தகைய கல்லைக் கண்டால், எடுத்துச் செல்லாமல் படம் பிடித்து, ஊரையும் நிலத்தையும் குறித்து, தொல்லியல் துறைக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்கவும். மரத்தடியில் பிள்ளையாராக வழிபடப்படும் கோடரிகளை அங்கேயே விட்டு, குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளவும்.