பிறவியில் வரும் இரத்தக்குழாய்க் கோளாறு

பிள்ளையின் உதட்டிலோ காலிலோ பிறந்த நாள் முதல் ஒரு தடிப்பு. பிள்ளை வளர அதுவும் வளர்கிறது. கிரகணத்தில் தாய் விட்ட பிழை என்று ஊரில் சொல்வார்கள். இது எவருடைய பிழையுமல்ல, புற்றுநோயுமல்ல. கருவில் இரத்தக்குழாய்கள் உருவாகும்போது ஏற்பட்ட கோளாறு.

பிறந்து சில கிழமைகளில் தோன்றி, முதல் வருடத்தில் பெருத்து, பின் தானாகச் சுருங்கும் சிவப்பு மறு வேறு. இவ்விரண்டையும் 1982இல் முலிக்கன், குளோவாக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டினர்.

கோளாறு எப்படி உண்டாகிறது?

வாகனேரிக் குளத்து நீர் பெரிய வாய்க்காலில் வந்து, சிறு வாய்க்கால்களாகப் பிரிந்து, வயலில் ஊறி, வடிகாலில் சேர்கிறது. உடம்பிலும் நாடி கொண்டுவரும் இரத்தம் மயிர்க்குழாய்களில் ஊறி, நாளத்தில் வடிகிறது. சிலருக்கு நாடி நேரே நாளத்துள் உடைத்துப் பாய்கிறது. அவ்விடம் சூடாக இருக்கும். கைவைத்தால் துடிப்புத் தெரியும். நாளம் மட்டும் பழுதென்றால் தடிப்பு நீலமாக, மென்மையாக இருக்கும்; அழுத்தினால் வற்றும்.

சிகிச்சை என்ன?

தலைவாய்க்காலை மட்டும் அடைத்தால் தண்ணீர் பக்கவழி தேடும். நாடியை மேலே கட்டிவிட்டாலும் அப்படியே. புதுக் குழாய்கள் பெருகும். ஆகவே உடைப்பையே அடைக்க வேண்டும். தொடை இடுக்கு நாடியில் ஊசி குற்றி, அதன் வழியே மெல்லிய குழாயொன்றை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி உடைப்புவரை செலுத்துவார்கள். ஊசி, கம்பி, குழாய் என்ற இந்த ஒழுங்கை 1953இல் சுவீடன் வைத்தியர் செல்டிங்கர் வெளியிட்டார். பின்னர் பசை, சுருள்கம்பி அல்லது மதுசாரம் கொண்டு அடைப்பார்கள். நாளப் பழுதுக்குத் தடிப்பிலேயே ஊசி மருந்து ஏற்றுவதுண்டு.

ஒரே தடவையில் முடிவது அரிது, திரும்பவும் வரலாம். மருந்து வழிதவறினால் தோல் புண்ணாகும், நரம்பு பழுதாகும். அதனால் தேர்ந்த நிபுணரே செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வெட்டவோ, சுடவோ, நூலால் கட்டவோ வேண்டாம். இரத்தம் நிற்காமற் போகலாம்.
2. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.
3. பாசிக்குடாப் பக்கத்தவர்கள் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையில் முதலில் காட்டலாம். தேவையானால் மேலிடத்துக்குத் துண்டு தருவார்கள். அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை.
4. போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் வீட்டோடு கிளினிக் கொப்பியையும் இழந்தவர்கள் நம்மில் உண்டு. கொப்பியையும் ஸ்கான் படங்களையும் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். அடுத்த வைத்தியர் அதைப் பார்த்தே தொடர்வார்.