வெண்ணெயை எந்த இடத்தில் இறக்குவது?

சமையல் குறிப்பில் ‘பிரவுன் பட்டர்’ என்று கண்டதும் நம் வீடுகளில் கை தானாக நெய் டப்பாவுக்குப் போகிறது. நானும் ஒரு முறை அப்படிச் செய்தேன். ஃபினான்சியே என்று பாதாம் மாவில் சுடும் பிரெஞ்சு சிறு கேக் அது. நெய் ஊற்றிச் சுட்டதில் மைசூர்பாகின் மணம் வந்தது. சாப்பிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேக்குக்கு உயிரான வறுத்த கொட்டைச் சுவை அதில் இல்லை.

ஏன் இல்லை என்பது வெண்ணெய்க்குள் இருக்கிறது. கடை வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமல் கொழுப்பு, 16 பங்கு அளவில் தண்ணீர். மிச்சம் ஒன்றிரண்டு பங்கு பாலின் புரதமும் பால் சர்க்கரையும். அடுப்பில் வைத்ததும் தண்ணீர் சடசடக்கும். அது தீரும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. சத்தம் அடங்கியபின் விறுவிறுவென்று ஏறி, 120 டிகிரிக்கு மேல் அந்தப் புரதமும் சர்க்கரையும் கூடிச் சிவக்கத் தொடங்கும். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினையால்தான். அடியில் படியும் அந்தக் கசண்டை என்ன செய்கிறோம், எவ்வளவு சிவக்க விடுகிறோம் என்பதைப் பொறுத்தே பண்டத்தின் பெயர் மாறுகிறது.

சிவக்குமுன் இறக்கித் தெளிவை மட்டும் வடித்தால் அது தெளித்த வெண்ணெய். சிவந்தபின் வடித்தால் நெய். சிவந்த கசண்டை அப்படியே வைத்துக்கொண்டால் பிரெஞ்சுக்காரர்களின் பர் நுவாஸெட், அதாவது பிரவுன் பட்டர். நுவாஸெட் என்றால் ஹேசல் கொட்டை. நிறத்துக்காகவும் மணத்துக்காகவும் வைத்த பெயர். உள்ளே கொட்டை எதுவும் கிடையாது. நெய் காய்ச்சிய வாணலியில் சுடுசோற்றைப் போட்டுப் புரட்டி, கசண்டோடு உருட்டி வாயில் ஊட்டிய பாட்டி உங்களுக்கும் இருந்திருந்தால், பர் நுவாஸெட்டின் சுவை உங்கள் நாக்குக்குப் புதிதல்ல. நாம் பாத்திரத்தோடு விட்ட அதைத்தான் அவர்கள் சாஸாகத் தட்டில் ஊற்றுகிறார்கள்.

எதை எதற்கு எடுப்பது? ஒரே தட்டில் பதில் சொல்லும் உணவு சோல் மெனியேர். நம் நாக்கு மீனுக்கு உறவான தட்டை மீனை மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். பொரிக்க எடுப்பது தெளித்த வெண்ணெய், ஏனென்றால் கசண்டு இருந்தால் மீன் வேகுமுன் அது கருகிவிடும். மீனை எடுத்தபின் வேறு வெண்ணெய் போட்டுச் சிவக்க வைத்து, எலுமிச்சை பிழிந்து, பார்ஸ்லி தூவி மேலே ஊற்றுவார்கள். சூடு தாங்கும் வேலை ஒன்றுக்கு, மணம் தரும் வேலை மற்றொன்றுக்கு. 1948 நவம்பரில் ரூவான் நகரத்து லா கூரோன் உணவகத்தில் இந்த மீனைச் சாப்பிட்டுத்தான் அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டு பிரெஞ்சுச் சமையலில் மனத்தைப் பறிகொடுத்தார்.

ஆகவே பொரிக்க, தாளிக்க நெய்யோ தெளித்த வெண்ணெயோ போதும், மாதக்கணக்கில் வெளியே வைத்திருக்க நெய் போதும். அங்கே பர் நுவாஸெட் வீண். இறக்கியபின் மேலே ஊற்றுவதற்கும், கேக், பிஸ்கட் மாவில் கலப்பதற்கும் பர் நுவாஸெட்டே வேண்டும். இத்தாலியின் மாந்துவா பக்கம், பூசணிப் பூரணம் வைத்த தொர்தெல்லி பாஸ்தாவின் மேல் சேஜ் இலையோடு சூடாக்கிய வெண்ணெயை ஊற்றுகிறார்கள். பூசணியின் இனிப்புக்கு நெய்யைவிட இந்தக் கசப்புக் கலந்த மணம் எவ்வளவோ பொருத்தம்.

இன்னும் கொஞ்சம் விட்டால் பர் நுவார், அதாவது கருப்பு வெண்ணெய். பெயர்தான் கருப்பு, அடர்ந்த பழுப்பிலேயே இறக்கிவிட வேண்டும். வினிகரும் கேப்பர் மொட்டும் சேர்த்துத் திருக்கை மீனுக்கு ஊற்றும் பழைய வழக்கம் இது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பழுப்புக்கும் கரிக்கும் இடையில் சில நொடிகளே உண்டு. தவறினால் வினிகர்கூட அந்தக் கசப்பை மறைக்காது.

எந்த வெண்ணெய் என்பதும் முக்கியம். உப்பில்லாதது வாங்குங்கள். தண்ணீர் வற்றியபின் உப்பெல்லாம் கசண்டில் சேர்ந்துவிடும். மஞ்சள் நிறமூட்டிய வெண்ணெயில் சிவப்பதும் சரியாகத் தெரியாது. வீட்டில் ஆடை சேர்த்துக் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும் என்பதால் நெடுநேரம் தெறிக்கும், கசண்டும் அதிகம். இரண்டு நாள் ஆடையென்றால் அருமை. பத்து நாள் சேர்ந்து புளித்ததென்றால் கசண்டும் புளிக்கும். அதை நெய்யாக்கிவிடுவதே சரி.

இரும்பு வாணலியும் நான்ஸ்டிக்கும் வேண்டாம், கருப்பில் நிறம் தெரியாது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம், மிதமான தீ. முதலில் பெரிய குமிழ்களோடு நுரைக்கும், பிறகு சத்தம் அடங்கும், பிறகு பொடி நுரை ஒன்று மெல்ல எழும். அந்த இரண்டாவது நுரை வந்தால் வேறெங்கும் திரும்பாதீர்கள். கரண்டியால் நுரையை விலக்கி அடியைப் பாருங்கள். வறுத்த கொட்டை மணம் வந்து, கசண்டு பொன்பழுப்பானதும் வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட வேண்டும். தீயை அணைத்தால் மட்டும் போதாது, பாத்திரத்தின் சூடே அதைக் கருக்கிவிடும். கிண்ணத்தில் ஊற்றும்போது அடியையும் வழித்துப் போடுங்கள்.

100 கிராம் வெண்ணெய் இப்படி 80 சொச்சம் கிராமாகக் குறையும். சாதாரண வெண்ணெய் கேட்கும் கேக் குறிப்பில் இதைப் போடுவதானால், போன தண்ணீருக்கு ஈடாக 100 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி பால் சேர்க்க வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடிக்கும் கேக்கென்றால் ஆறி உறையும்வரை காத்திருங்கள்.

வீட்டில் நெய் மட்டுமே இருந்தாலும் கைவிட வேண்டாம். 100 கிராம் நெய்யைச் சிறு தீயில் உருக்கி, இரண்டு தேக்கரண்டி பால் பவுடரைத் தூவிக் கிளறிக்கொண்டே இருங்கள். தண்ணீர் இல்லாததால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சிவந்துவிடும். வடித்தெடுத்த கசண்டை நெய்க்குள் திருப்பிப் போடுவதுதான் இது. இப்போதெல்லாம் வெண்ணெய் கிடைக்காத நாளில் ஃபினான்சியேவுக்கு நான் ஊற்றுவது இதைத்தான். அந்தக் கொட்டை மணம் வந்துவிடுகிறது.