உடல் நோயா, மன நோயா? இரசாயன வாடை பற்றிய ஒரு விவாதம்

சாயப் பட்டறையில் வேலை செய்யும் அங்கத்தினர் ஒருவர், ஹைட்ரோஸ் வாடை பட்டாலே தமக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் உண்டாகின்றன என்றும், தம்மைப் பாவு ஓட்டும் வேலைக்கு மாற்ற வேண்டும் என்றும் சங்கத்திற்கு விண்ணப்பித்திருந்தார். இப்போதெல்லாம் பெயிண்ட், ஊதுவத்தி, சோப்பு வாடைகளும் தமக்கு ஒவ்வவில்லை என்று எழுதியிருந்தார். நான் தணிக்கைக்குச் சென்றிருந்த நாளில் நிர்வாகக் குழு இதனைப் பரிசீலித்தது. “பத்து வருஷமாக இல்லாத வியாதியா? எல்லாம் மனப்பிராந்தி” என்றார் ஒருவர். அவ்வாறே தீர்மானப் புத்தகத்திலும் எழுதப்பட்டது.

இதே வழக்கு மேல்நாடுகளில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. சிக்காகோ நகரத்து ஒவ்வாமை வைத்தியரான தெரன் ராண்டால்ஃப், பிறரைப் பாதிக்காத சொற்ப அளவு இரசாயனங்களே சிலரை நோயாளிகளாக்குகின்றன என்று 1950களில் கூறத் தொடங்கினார். 1987இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கல்லன் இந்நிலைக்கு ‘பல இரசாயன உணர்திறன்’ என்று பொருள்படும் பெயரிட்டு, அதன் இலக்கணத்தையும் வகுத்தார்.

மனமே காரணம் என்போர் காட்டும் சான்று வலியது. 1993இல் டென்வர் நகரில் 20 நோயாளிகளை ஓர் அறையில் அமர்த்திச் சோதித்தனர். ஒரு சமயம் இரசாயனம் கலந்த காற்றையும், மறு சமயம் தூய காற்றையும் செலுத்தினர்; வாடை தெரியாதிருக்கப் புதினா போன்ற வாசனைகளால் மறைத்தனர். எது எப்போது வந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, உடனிருந்து சோதிப்பவருக்கும் தெரியாது. நோயாளிகளால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. இத்தகைய 37 ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான மதிப்புரையும் ஏறக்குறைய இம்முடிவையே கூறிற்று: தொல்லை உண்டாகிறது, ஆனால் அது இரசாயனத்தைவிட எதிர்பார்ப்பைச் சார்ந்ததாகத் தோன்றுகிறது.

மறு கட்சியினர் வாளாவிருக்கவில்லை. மறைக்கப் பயன்படும் வாசனையே ஓர் இரசாயனம் அன்றோ என்று வினவினர். டெக்ஸாஸ் மாகாணத்து வைத்தியர் கிளாடியா மில்லர், பூச்சிமருந்து போன்றவற்றை ஒருமுறை மிகுதியாகச் சுவாசித்தபின் தாங்கும் சக்தியை இழந்து, பிறகு அற்ப வாடைக்கும் துன்புறுவோர் உண்டு என்று எடுத்துக்காட்டினார். பயிருக்கு மருந்து தெளிக்கும் அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல பூச்சிமருந்துகளின் நஞ்சு இரத்தப் பரிசோதனையில் அகப்படும் மெய்யான நஞ்சு, அதில் விவாதமே இல்லை.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பிலடெல்பியாவில் பமீலா டால்ட்டன் 1990களில் நோயற்றவர்களையே சோதித்தார். ஒரே வாடையைச் சிலரிடம் தீங்கானது என்றும், சிலரிடம் நலம் தரும் இயற்கைச் சாறு என்றும் சொன்னார். தீங்கென்று கேட்டவர்களே தொல்லைகளை மிகுதியாகக் கூறினர். அவர்கள் பொய் சொல்லவில்லை, உணர்ந்ததையே உரைத்தனர். ஆகவே ‘மனம்’ என்ற விடை வந்தாலும், ‘பாசாங்கு’ என்ற விடை வந்துவிடாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே நம் குழுக்கள் செய்யும் பிழை.

நெசவுத் தொழிலுக்கு இன்னொரு பழைய பாடமும் உண்டு. விடுமுறை கழிந்த திங்கட்கிழமையில் பஞ்சாலைத் தொழிலாளருக்கு நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் அடையாளம் என்று ரிச்சர்டு ஷில்லிங் 1950களில் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ந்து காட்டினார். அமெரிக்க ஆலை முதலாளிகள் பலர் நெடுங்காலம் அதை ஒப்பவில்லை. 1978இல்தான் அங்கே தூசிக்கு எல்லை விதிக்கப்பட்டது.

குழுவினரை அழைத்துக்கொண்டு சாயப் பட்டறைக்குச் சென்றேன். ஹைட்ரோஸ் டின் மூடியின்றி ஈரச் சுவரோரம் கிடந்தது. ஈரம் பட்ட ஹைட்ரோஸிலிருந்து கந்தக டை ஆக்ஸைடு வாயு கிளம்பும். மூச்சு நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. டின்னுக்கு மூடி, அறைக்குக் காற்றுப் போக்கி, அங்கத்தினருக்கு மருத்துவமனையில் மூச்சுச் சோதனை, முடிவு தெரியும்வரை பாவு வேலை என என் குறிப்பில் எழுதினேன். ‘மனப்பிராந்தி’ என்ற சொல்லை அடித்துவிடுமாறும் கேட்டுக்கொண்டேன். காரியதரிசி சற்றே முகம் சுளித்தார். எனினும் அடித்துச் சுருக்கொப்பமிட்டார்.