பெட்ரோல் முள் ஏன் பாதியிலேயே நிற்கிறது?

பாடி மேம்பாலம் ஏறும்போது கார் ரெண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. முள் பாதி டேங்க் காட்டுகிறது. டேங்கிலோ ஒரு சொட்டு இல்லை. சித்தப்பாவின் பழைய காரைத் தள்ளிய அனுபவத்தில் எழுதுகிறேன். உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

அம்பத்தூரில் ஒரு கடையில் "மீட்டரை மாத்திடலாம் தம்பி" என்றார்கள். பொறுங்க. காசு கொடுக்கும் முன், கோளாறு டேங்க் பக்கமா டேஷ்போர்டு பக்கமா என்று பிரிக்கணும்.

டேங்குக்குள் ஒரு மிதவை. அதன் கை ஒரு மின்தடைப் பட்டை மேல் நகரும். முதல் வருஷ லேபில் பார்த்த ரியோஸ்டாட்தான், பெட்ரோலில் குளிக்கிறது. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலிக்கு 0 ஓம், நிறைந்தால் 90. பழைய ஃபோர்டில் தலைகீழ்: காலிக்கு சுமார் 73, நிறைந்தால் சுமார் 10. அதனால் உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் வயரைத் தொடாதீர்கள்.

எங்கள் காரில் டேங்க் கனெக்டரைக் கழற்றி சாவியை ஆன் செய்தோம். முள் காலிக்கு இறங்கியது. கனெக்டரின் இரண்டு முனைக்கும் நடுவே 12 வோல்ட், 3.4 வாட் பல்பு ஒன்றை வைத்தோம். முள் மெல்ல ஏறி நிறையைத் தொட்டது. அப்போ மீட்டரும் வயரும் நல்லாத்தான் இருக்கு! (வயரை நேரடியாக ஷார்ட் செய்யாதீர்கள், மீட்டரே கருகலாம்.) முள் அசையவே இல்லையென்றால் ஃபியூஸ், வயர், மீட்டர் பக்கம் தேடணும்.

புதுக் கார்களில் இந்தப் பல்பு வித்தை வேண்டாம். ஸ்கேனரில் ஃபியூயல் லெவல் பாருங்கள். அங்கேயும் கோளாறு டேஷ்போர்டு பக்கம் வரலாம். 2025 நவம்பரில் மாருதி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்பீடோமீட்டர் தொகுப்பில் உள்ள எரிபொருள் காட்டி தவறாகக் காட்டலாம் என்பதே காரணம்.

அடுத்து டேங்க் யூனிட். திறந்தவெளி, பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்கணும், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது. இதில் விளையாட்டு கிடையாது. மல்டிமீட்டர் வைத்து மிதவைக் கையை மெல்ல நகர்த்தினால் ஓம் சீராக மாறணும்; நடுவில் எங்காவது துண்டித்தால் பட்டை தேய்ந்துவிட்டது. எங்களுடையது சீராகத்தான் மாறியது. ஆனால் கையை விட்டால் தானாகக் கீழே விழவில்லை. கீல் இறுகிப் பாதியில் மாட்டியிருந்தது.

ஆவடி பக்கம் மழைத்தண்ணீரில் நின்ற காரா? முள் எப்போதும் குறைவாகக் காட்டினால், இதையெல்லாம் பிரிக்கும் முன் டேங்க் எர்த் வயரின் துருவைச் சுரண்டிப் பாருங்கள். காலியாக ஆக ஓம் கூடும் வகைக் கார்களில், துருவின் தடையும் சேர்ந்து பெட்ரோல் குறைந்த மாதிரி காட்டும்.

யூனிட் மாற்றியபின் 5 லிட்டர், 5 லிட்டராக ஊற்றி முள்ளைக் குறித்துக்கொண்டோம். சித்தப்பா இன்னும் ட்ரிப் மீட்டரைத்தான் நம்புகிறார்.