சக்கரத்தின் பிடியும் சாரதியின் பொறுப்பும்

வண்டியை ஓடச் செய்வது எளிது. வேண்டிய இடத்தில் நிற்கச் செய்வதே அரிது. குதிரை பூட்டிய வண்டியில் சென்ற நம் முன்னோரும் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆயின், இன்று மோட்டார் காரின் பிரேக்கை அழுத்துவோருட் பலர், தம் காலின் அழுத்தத்திற்கும் வண்டி நிற்பதற்கும் இடையே நிகழ்வது யாது என்று எண்ணுவதில்லை. இக்காலத்துக் கார்களில் அவ்விடையிலே நின்று சாரதிக்குத் துணைபுரியும் மின்னணுச் சாதனங்கள் இரண்டு உள. அவை செய்வது யாது, செய்ய இயலாதது யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

ஓடும் காரை நிறுத்துவது பிரேக்கன்று, தரையே என்று கூறின் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். பிரேக்கு சக்கரத்தின் சுழற்சியை மட்டுமே தடுக்கும். காரைத் தடுப்பது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வாகும். நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அளவே. காரின் பாரம் முழுவதையும் திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய வலிமை யாவும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியே வருகின்றது.

உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் பகுதி அக்கணத்தில் தரையின்மீது வழுக்குவதில்லை. ஆதலின் பிடி உறுதியாக இருக்கும். பிரேக்கை அழுத்துங்கால், வண்டியின் வேகத்தைவிடச் சக்கரத்தின் வேகம் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை குறைந்திருக்கும் நிலையிலேயே சாதாரணச் சாலையில் பிடி மிகுதியாகும். அதற்கு மேலும் அழுத்தினால் சக்கரம் சுழற்சியற்றுப் பூட்டிக்கொள்ளும். அப்பொழுது டயர் சறுக்கத் தொடங்கும். பக்கவாட்டுப் பிடி அநேகமாக அழிந்துவிடும். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் சாரதி எப்பக்கம் திருப்பினும் வண்டி நேரே செல்லும். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டாலோ வண்டி பின்புறம் முன்புறமாகச் சுழன்றுவிடும்.

இவ்விடரை உணர்ந்து வழி தேடியவருள் விமானம் செய்வோரும் உளர். பிரெஞ்சு நாட்டு நிபுணர் காப்ரியேல் வுவாசன் 1920களில் விமானச் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதிருக்க ஒரு வழி தேடினார். 1950களில் டன்லப் கம்பெனியாரின் 'மாக்ஸரெட்' என்னும் சாதனம் விமானங்களில் வழங்கியது. அதனையே 1966-ல் ஜென்சன் எப்.எப். என்னும் ஆங்கிலக் காரில் பொருத்தினர். மின்னணு முறையில் நான்கு சக்கரங்களையும் காக்கும் சாதனம், போஷ் கம்பெனியாரின் முயற்சியால் 1978-ல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் வகைக் காரில் வந்தது. இதுவே ஏ.பி.எஸ். எனப்படுவது.

இது வேலை செய்யும் முறை நுட்பமானதாயினும் விளங்காததன்று. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் அதன் சுழற்சியை அளக்கும் உணர்கருவி ஒன்று உண்டு. ஒரு சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளும் நிலையை அடையின், கணிப்பான் அதனை உணர்ந்து, அச்சக்கரத்திற்குச் செல்லும் பிரேக்கு எண்ணெயின் அழுத்தத்தை வால்வுகளால் தளர்த்தும். சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தத்தைக் கூட்டும். ஒரு வினாடியில் பன்முறை இவ்வாறு நிகழும். அவ்வமயம் பிரேக்கு மிதி சாரதியின் காலடியில் அதிரும். இதனைப் பழுதென்றஞ்சிக் காலை எடுப்பது பெரும் பிழையாகும். பழைய கார்களுக்கு விட்டுவிட்டு மிதிக்கக் கற்பித்தனர். இச்சாதனமுள்ள காரிலோ உறுதியாக அழுத்தியபடியே, தடை இல்லாத பக்கம் திருப்புதல் வேண்டும். அவ்வாறு திருப்பும் ஆற்றலைக் காப்பதே இதன் தலையாய பயன்.

இரண்டாவது சாதனம் நிலைப்பாட்டைக் காப்பது, ஈ.எஸ்.சி. என்றும், சில கம்பெனியாரால் ஈ.எஸ்.பி. என்றும் வழங்கப்படுவது. போஷ் செய்த இச்சாதனம் 1995-ல் மெர்சிடிஸ்-பென்ஸ் காரில் முதலில் வந்தது. ஸ்டியரிங் சக்கரம் எவ்வளவு திரும்பியுள்ளது என்பதைக் கொண்டு சாரதி செல்ல விரும்பும் வழியை இது அறிகின்றது. வண்டியின் சுழற்சியை அளக்கும் கருவியைக் கொண்டு அது உண்மையிற் செல்லும் வழியை அறிகின்றது. இரண்டும் மாறுபடின், சாரதி மிதியைத் தொடாதபோதும், தக்கதொரு சக்கரத்திற்கு மட்டும் பிரேக்கிடும். வளைவில் வண்டியின் பின்புறம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தையும், வண்டி திரும்பாது நேரே நழுவினால் உட்பக்கப் பின்சக்கரத்தையும் பெரும்பாலும் தடுக்கும். வேண்டுமாயின் எஞ்சினின் விசையையும் குறைக்கும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே பிரேக்கிடுதல் எந்த மனிதனின் காலுக்கும் இயலாத காரியமன்றோ!

இதன் அருமையை உலகம் உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. சுவீடன் நாட்டுச் சாலைகளில் 'எல்க்' என்னும் பெருமான் திடீரெனக் குறுக்கிடுவதுண்டு. அதனை விலக்கிச் செல்வதுபோல் கார்களைச் சோதிப்பது அந்நாட்டார் வழக்கம். 1997 அக்டோபரில் ஒரு சுவீடிஷ் பத்திரிகையார் புதிய மெர்சிடிஸ் ஏ வகைக் காரை அவ்வாறு சோதித்தபோது அது கவிழ்ந்தது. பின்னர் அக்கம்பெனியார் விற்பனையைச் சில வாரம் நிறுத்தி, காரின் அமைப்பைத் திருத்தியதோடு, அதுவரை விலையுயர்ந்த கார்களுக்கே உரியதாயிருந்த நிலைப்பாட்டுச் சாதனத்தை அச்சிறு கார் யாவற்றிலும் பொருத்தினர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2012-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் யாவற்றுக்கும் இது சட்டத்தால் கட்டாயமாயிற்று.

இவ்வளவும் கூறியபின் இவற்றின் எல்லையையும் கூறுதல் நம் கடமை. எந்தச் சாதனமும் தரையின் பிடியைப் புதிதாகப் படைப்பதில்லை. இருப்பதையே செவ்வனே பங்கிடுகின்றது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கார் ஒரு வினாடியில் 20 மீட்டர் ஓடும். நல்ல உலர்ந்த சாலையில் பிரேக்கிட்ட பின் அது நிற்க ஏறத்தாழ 25 மீட்டர் வேண்டும். மழையால் பிடி பாதியாகின் 50 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு மிதியை அழுத்துவதற்குள் கழியும் ஒரு வினாடிக்கு மேலும் 20 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக்கிட்ட பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். தளர்ந்த சரளைக் கல்லின்மீது ஏ.பி.எஸ். உள்ள கார் நிற்பதற்குச் சற்று அதிக தூரம் பிடிப்பதும் உண்டு.

1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாடகைக் கார்களை ஆராய்ந்தவர்கள் கண்டது நாம் மறத்தற்கரியது. ஏ.பி.எஸ். உள்ள கார்களும் இல்லாத கார்களும் ஏறக்குறைய ஒரே அளவான விபத்துகளுக்கு உட்பட்டன; ஏனெனில் சாதனம் பெற்ற சாரதிகள் அதனை நம்பி முன்னினும் துணிந்து ஓட்டினர். யந்திரம் தந்த பாதுகாப்பை அவர்கள் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டனர்.

நம் மாணவருட் பலர் நாளை கார் ஓட்டுவர். சிலர் இத்தகைய சாதனங்களைத் தாமே அமைப்பவருமாவர். யந்திரம் நம் பிழையைத் திருத்தக் கிடைப்பது ஒரு வினாடியின் சிறு பகுதியே. அப்பிழை நேராதபடி வேகத்தைக் குறைக்கவும், முன்செல்லும் வண்டிக்கு இடம் விடவும், டயரின் தேய்வைப் பார்க்கவும் நமக்கோ போதிய காலம் உண்டு. அக்காலத்தை நன்கு பயன்படுத்துவோமாக.