ஃபோர்வீல் விடுபடவில்லையா? எங்கே முதலில் கை வைப்பது

சேற்றுப் பாதையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்த பிறகும் வண்டி 2எச்-க்கு, அதாவது இரு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலைக்கு, திரும்ப மறுக்கிறது. லிவர் அசையவில்லை, அல்லது டயலைத் திருப்பியும் மீட்டரில் 4எச் விளக்கு அணையவில்லை. செய்யக்கூடியவை மூன்று. நின்ற இடத்திலேயே விடுவித்துப் பார்க்கலாம். மின்சார, வேக்குவம் இணைப்புகளைச் சோதிக்கலாம். டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்கலாம். செலவு மிகுந்த மூன்றாவதைக் கடைசிக்கு வையுங்கள்; பல வண்டிகள் அதற்கு முன்பே சரியாகிவிடும்.

உங்கள் வண்டி எந்த வகை என்பது முதல் கேள்வி. தார், ஜிம்னி போன்றவற்றில் லிவர் இருக்கிறது. ஸ்கார்ப்பியோ-என், இசுசு வி-கிராஸ், இன்றைய ஃபார்ச்சூனர் ஆகியவற்றில் சுவிட்சோ டயலோ கட்டளையிட, ஒரு மோட்டார் உள்ளே மாற்றுகிறது. 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஃபார்ச்சூனர் 4×4 வேறு ரகம்: அதில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும், 2எச் என்பதே கிடையாது. செகண்ட் ஹேண்டில் அதை வாங்கியவர் இல்லாத கோளாறைத் தேடிப் பணத்தை விட வேண்டாம்.

அடுத்து, உண்மையிலேயே சிக்கியிருக்கிறதா, விளக்கு மட்டும்தான் எரிகிறதா? காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஆள் நடக்கும் வேகத்தில் வட்டமடியுங்கள். வண்டி இலகுவாக உருண்டால் ஃபோர்வீல் விடுபட்டிருக்கிறது; விளக்குக்குத் தகவல் அனுப்பும் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தது போல இறுகி, டயர் தரையைத் தேய்த்துத் துள்ளினால் சிக்கல் நிஜம்.

இந்த இறுக்கத்தின் காரணம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. பார்ட்-டைம் ஃபோர்வீலில் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்பர் கேஸ் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் அந்த வித்தியாசம் போக வழியில்லை. சேற்றில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது. ஷாஃப்டுகள் பிழியும் வேட்டியைப் போல முறுக்கேறி நிற்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் யாராவது 4எச்-சிலேயே இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த முறுக்கு, டிரான்ஸ்பர் கேஸுக்குள் அச்சுகளைப் பூட்டும் ஸ்லீவை அழுத்திப் பிடித்திருக்கும்வரை லிவர் நகராது. பலம் கொண்டு இழுத்தால் ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க் வளையும்.

இதற்கு மருந்து எளிது. 2எச் தேர்ந்தெடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, லேசாக இடமும் வலமும் ஒடித்துக் கொடுங்கள். பக்கத்தில் மண் தரை இருந்தால் அங்கே செய்வது மேல். குறைந்த வேகத்துக்கான 4எல்-லில் சிக்கியிருந்தால், பெரும்பாலான வண்டிகளில் நின்று நியூட்ரலுக்கு வந்தால்தான் மாறும்.

விடுபட்டு, மறுபடி மறுபடி இறுகுகிறதா? டயரைப் பாருங்கள். மெக்கானிக்குகள்கூட இதைத் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். 700 மி.மீ. விட்டமுள்ள புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 455 சுற்று சுற்றும். 5 மி.மீ. தேய்ந்த டயரின் விட்டம் 690. அது சுமார் 461 சுற்றும். முன்னால் புதியது, பின்னால் பழையது என்றால் நேர் சாலையிலேயே கிலோமீட்டருக்கு 6 சுற்று முறுக்கு ஏறும். இங்கே கியர்பாக்ஸைத் திறப்பது வீண். நான்கு டயரையும் சமமாக்குங்கள்.

முறுக்கில்லாமலும் சிக்கினால் இரண்டாம் வழி. இக்னிஷனைப் போட்டு டயலைத் திருப்பும்போது அடியில் மோட்டார் சத்தம் கேட்கிறதா? கேட்காவிட்டால் ஃபியூஸ், பேட்டரி வோல்டேஜ், தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் பச்சை பூத்த கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். ஸ்கேனர் போட்டுக் கோளாறுக் குறியீட்டைப் படித்தால் தேடல் சுருங்கும். ஜிம்னி போல வேக்குவத்தால் முன் ஹப் பூட்டும் வண்டிகளில் குழாய் வெடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். லிவர் வண்டியில் அடியில் படுத்து லிங்கேஜைப் பாருங்கள்: காய்ந்த சேறும் தேய்ந்த புஷ்ஷும் அங்கேதான் கிடக்கும்.

டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்க ஒரே சாட்சி போதும். சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். எஞ்சினை அணைத்து, 2எச்-சில், கியரில் விட்டு, முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் டிரான்ஸ்பர் கேஸ் விடுபட்டிருக்கிறது. கோளாறு முன் அச்சிலோ ஹப்பிலோ இருக்கிறது. லிங்கேஜும் மோட்டாரும் சரியாக இருந்தும் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால், வளைந்த ஃபோர்க்கோ பிசிறடித்த ஸ்லீவோ உள்ளே இருக்கும். அப்போது பிரிக்கச் சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக, நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியையே கேளுங்கள். ஒரு அச்சைத் தூக்கிக்கொண்டு இழுத்தால், தரையில் உருளும் மற்ற அச்சு பூட்டிக் கிடக்கும் டிரான்ஸ்பர் கேஸையும் கியர்பாக்ஸையும் சேர்த்துச் சுழற்றும்.