வெள்ளை எலி ஒளித்து வைத்திருப்பது

எலி என்றதும் நம் நினைவுக்கு வருவது எலிப்பொறிதான்! ஆனால் இங்கிலாந்தில் 1901-ஆம் ஆண்டிலேயே எய்ல்ஸ்பரி நகரக் கண்காட்சியில் வளர்ப்பு எலிக்குப் பரிசு கொடுத்தார்கள். மேரி டக்ளஸ் என்னும் பெண்மணியின் கறுப்பு வெள்ளை எலியே வென்றது.

நிறத்தை அறிய ஒற்றை உரோமத்தைப் பார்க்க வேண்டும். பழுப்பு எலியின் இயற்கை நிறத்தை ‘அகூட்டி’ என்பர். அதன் உரோமத்தில் கருமையும் மஞ்சளும் பட்டையாக மாறி வரும். கறுப்பு எலியின் உரோமத்தில் பட்டை கிடையாது.

குறிகள் வேறு. தலையிலும் தோளிலும் நிறமும், முதுகில் ஒரு கோடுமாக, மற்ற உடல் வெளுத்திருந்தால் அது ‘ஹூடட்’. பாட்டி முக்காடு போட்டதுபோல் இருக்கும்! வயிறு மட்டும் வெள்ளை என்றால் ‘பெர்க்‌ஷயர்’.

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கூண்டில் இருந்த, சிவந்த கண்ணுடைய வெள்ளை எலியிடம்தான் நாங்கள் ஏமாந்தோம். ‘நிறம்: வெள்ளை; குறி: இல்லை’ என்று நோட்டில் எழுதிவிட்டோம். உண்மையில் அதன் உடலில் நிறமி உண்டாவதில்லை. ஆகவே கறுப்போ முக்காடோ பரம்பரையாக வந்திருந்தாலும் வெளியே தெரியாது. இரண்டு வெள்ளை எலிகளுக்குப் பிறப்பவையும் வெள்ளையே. முக்காடிட்ட எலியோடு சேர்த்தால், முக்காடிட்ட குட்டிகள் பிறக்கக்கூடும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

நோட்டில் இரண்டையும் அடித்துவிட்டு, ‘குட்டிகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்’ என்று எழுதினோம்.